நாமக்கல் முட்டைக்கு அடுத்த கப்பல் எங்கே? ஐந்து சந்தைகள், ஓர் ஒப்பீடு

2025 ஜூனில் நாமக்கல்லில் இருந்து ஒரு கோடி முட்டை, 21 ரீஃபர் (குளிரூட்டிய) கன்டெய்னர்களில், முதல்முறையாக அமெரிக்காவுக்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 27ஆம் தேதி இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ஓமன் புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியது, திறந்தது, டிசம்பரில் மறுபடி நிறுத்தியது. கத்தார் முட்டையின் எடைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஓராண்டு இடைவெளியில் மூன்று கதவுகள் அசைந்துவிட்டன. இனி எங்கே அனுப்புவது என்று பண்ணையாளர்களும் ஏற்றுமதியாளர்களும் கேட்பது நியாயம்தான். ஆனால் "எந்த நாட்டில் விலை அதிகம்?" என்று தேடத் தொடங்கினால் தவறான நாட்டில்தான் போய் நிற்போம். முதலில் கேட்க வேண்டியவை வேறு. என் ஷெட்டில் விழும் முட்டை அந்த நாட்டுக்கு ஏற்றதா? அந்த நாடு நாளைக்கே கதவைச் சாத்தினால் அதே முட்டை எங்கே போகும்?

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். 40 அடி நீளமுள்ள, கூடுதல் உயர ரக ரீஃபரில் 1,312 பெட்டிகள் ஏறும். பெட்டிக்கு 12 அட்டை, அட்டைக்கு 30 முட்டை, ஆக 360. மொத்தம் 4,72,320 முட்டை. முட்டைக்கு 10 பைசா மாறினால் ஒரு கன்டெய்னருக்கு 47,232 ரூபாய் மாறும். கப்பல் கட்டணம் 1,000 டாலர் கூடினால், டாலர் 88 ரூபாய் என்று வைத்தால், முட்டைக்கு 18.6 பைசா. இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டால் எந்த வாங்குபவர் சொல்லும் விலையையும் ஐந்து நிமிடத்தில் எடை போட்டுவிடலாம்.

வளைகுடா: பக்கத்துச் சந்தை, ஆனால் எடை கேட்கும் சந்தை

தூரம், வாடிக்கை, கப்பல் வசதி எல்லாம் வளைகுடாவுக்கே சாதகம். தூத்துக்குடியிலோ கொச்சியிலோ ஏறினால் இரண்டு வாரத்துக்குள் சரக்கு இறங்கிவிடும். முட்டையின் வயதும் குறைவு, பணமும் சீக்கிரம் திரும்பும். துருக்கி, உக்ரைன், பாகிஸ்தான் போட்டி இருந்தாலும் சிறிய, நடுத்தர வெள்ளை முட்டையில் நாமக்கல்லின் விலையோடு மோதுவது அவர்களுக்கு எளிதில்லை.

சிக்கல் பெரிய முட்டையில் இருக்கிறது. நம் பண்ணைகளில் பரவலாக நிற்கும் பிவி-300 கோழி, முட்டையிடத் தொடங்கும் 20–22 வாரத்தில் சுமார் 45 கிராம் முட்டைதான் இடும். 40 வாரத்தில் சராசரி 53–54 கிராம். 60 வாரம் தாண்டினால் 56ஐ ஒட்டி வரும். சராசரி 54 கிராம் உள்ள ஷெட்டில் 60 கிராம் தாண்டும் முட்டை நூற்றுக்கு ஐந்தாறுதான் தேறும். சராசரி 56 ஆனால் ஆறில் ஒன்று தேறும். சராசரியைப் பார்த்துவிட்டு "நம்மிடம் பெரிய முட்டை இருக்கிறது" என்று ஒப்பந்தம் போடுகிறவர்கள் கன்டெய்னரை நிரப்ப நாலு பண்ணையில் அலைவது இதனால்தான். அட்டையோடு மொத்தமாக எடை போட்டால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கேஜின் வெவ்வேறு அடுக்குகளில் இருந்து மூன்று அட்டை, அதாவது 90 முட்டை எடுத்து, ஒவ்வொன்றாக எடை போடுங்கள். வாங்குபவர் கேட்கும் வரம்புக்கு மேல் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான ஏற்றுமதித் திறன்.

இன்னொரு முரண் உண்டு. எடை கூடுவது கிழட்டுக் கோழியில், ஓடு மெலிவதும் அதே கோழியில். வயதாக ஆக முட்டை பெரிதாகும், ஆனால் அதே அளவு கால்சியம்தான் அந்தப் பெரிய பரப்பில் பரவுகிறது. 70 வாரக் கோழியின் 62 கிராம் முட்டை பண்ணையில் அழகாக இருக்கும், துறைமுகச் சாலையில் விரிசல் விடும். அதைச் சமாளிக்க மாலைத் தீவனத்தில் பொடியாக இல்லாமல் குருணையாகக் கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ கொடுக்க வேண்டும். ஓடு உருவாவது இரவில். அந்த நேரத்தில் மெதுவாகக் கரையும் கால்சியம் குடலில் இருக்க வேண்டும், பொடி அதற்குள் கடந்து போய்விடும். எடையை இளம் வயதிலேயே கூட்ட வேண்டுமானால் தீவனத்தில் மெத்தியோனினும் லினோலெயிக் அமிலமும் போதிய அளவு வேண்டும். வளர்ப்புப் பருவத்தில் கோழி எடை கட்டுவதற்கு முன்பே வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது. இவை அடுத்த பேட்சுக்கான வேலைகள். நேற்று வந்த எடைக் கட்டுப்பாட்டை இன்று நிற்கும் பேட்சால் நிறைவேற்ற முடியாது.

எடை வரம்புக்கு மிகச் சரியாக ஏற்றவும் கூடாது. குளிரில் வைத்தாலும் முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் இழக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அரை கிராம் போவது சாதாரணம். 60 கிராம் வரம்பென்றால் பண்ணையில் 61க்கு மேல் பிரித்தால்தான் அங்கே தேறும்.

தரம் கேட்கும் நாடுகள் ஏஏ, ஏ என்ற எழுத்துகளில் பேசும். இது வெறும் எடை இல்லை. உடைத்த முட்டையில் கெட்டி வெள்ளைக்கருவின் உயரத்தில் இருந்து கணக்கிடும் ஹாஃப் அலகு 72க்கு மேல் இருந்தால் ஏஏ, 60–71 என்றால் ஏ. இந்த எண் கோழியின் வயதாலும் சேமிப்பு வெப்பத்தாலும் இறங்கும். பண்ணையில் 80 இருந்த முட்டை, 32 டிகிரி அறையில் மூன்று நாள் கிடந்தால் தரம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே சேகரித்த அன்றே குளிர் அறைக்குள் போக வேண்டும்.

கன்டெய்னர் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ரீஃபர் சரக்கைக் குளிர்விக்கும் இயந்திரம் அல்ல, குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கும் இயந்திரம். சூடாக அடைத்த பெட்டியின் நடுவில் உள்ள முட்டை ஆற நாட்கள் பிடிக்கும், பயணத்தின் முதல் பாதி வீணாகும். நடுப்பெட்டியின் நடு அட்டையில் வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இன்னொரு பக்கம், குளிர்ந்த முட்டையை நாமக்கல்லின் மதிய வெயிலில் வெளியே எடுத்தால் வியர்க்கும். அந்த ஈரம் அட்டையை ஊறவைக்கும், அடி அடுக்குகள் நசுங்கும், பூஞ்சை பிடிக்கும், ஓட்டின் மேலிருக்கும் கிருமி உள்ளே இழுபடும். விடியலுக்கு முன் ஏற்றுவதும், கதவு திறந்திருக்கும் நேரத்தை ஒரு மணிக்குள் முடிப்பதும் இதற்காகத்தான்.

எந்தத் துறைமுகம் என்பதையும் வளைகுடாவுக்குள் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெபல் அலி, ஹமத், பஹ்ரைன் மூன்றும் ஹோர்முஸ் நீரிணைக்கு உள்ளே இருக்கின்றன. சோஹார், கோர்ஃபக்கான், சலாலா வெளியே. கடல் பதற்றம் வந்தால் உள்ளே போகும் கப்பலுக்குத்தான் காப்பீட்டுக் கூடுதல் கட்டணமும் தாமதமும் முதலில் வரும். ஆனால் அனுமதிக் கொள்கை மாறினால் நீரிணைக்கு வெளியே இருப்பதும் உதவாது. ஓமன் அனுமதியை நிறுத்தியபோது போன முட்டை சோஹாரிலேயே நின்றது. எனவே ஒரே நாட்டில் மூன்று வாங்குபவர்கள் இருப்பதைவிட மூன்று நாட்டில் ஒவ்வொருவர் இருப்பது பாதுகாப்பு.

இலங்கை, மாலத்தீவு: சிறியவை, ஆனால் கைகொடுப்பவை

மாலத்தீவுக்கு முட்டை போவது 1981 முதல் இருக்கும் இருதரப்பு ஏற்பாட்டில். ஆண்டுதோறும் ஒதுக்கீடு அறிவிக்கப்படும். 2024–25க்கு 42.75 கோடி முட்டை. கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 905 கன்டெய்னர், நாளுக்கு இரண்டரை. அது உச்சவரம்பு, கொள்முதல் உத்தரவாதம் அல்ல. நாளுக்கு ஐந்து கோடிக்கு மேல் விழும் நாமக்கல்லுக்கு இது இரண்டு சதவீதச் சந்தை. ஆனாலும் வாங்கும் தீவுகளில் உள்ளூர் உற்பத்தி மிகக் குறைவு, ஆகவே எடை வரம்பு மாற்றி உள்ளூர்க்காரரைக் காக்கும் கொள்கைக்கு அங்கே காரணமே இல்லை. நிலையான சிறு சந்தைக்கு இது நல்ல உதாரணம்.

இலங்கை நேர் எதிர். 2023இல் தட்டுப்பாடு வந்தபோது அரசு வணிகக் கூட்டுத்தாபனம் மூலம் இந்திய முட்டை வாங்கினார்கள், அதிலும் தொடக்கத்தில் பேக்கரிகளுக்கு மட்டும். தட்டுப்பாடு தீர்ந்ததும் அவர்கள் பண்ணையாளர்களின் குரல் எழுந்தது, அது இயல்புதான். இலங்கையை நம்பி ஷெட் கட்டக் கூடாது. ஆனால் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் முதல் வாரத்திலேயே ஏற்றக்கூடிய வகையில் பண்ணைப் பதிவும் ஆய்வக அறிக்கையும் தயாராக வைத்திருப்பவருக்குத்தான் அந்த ஆர்டர் கிடைக்கும்.

ஆப்பிரிக்கா

மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் எடையில் கறார் இல்லை, 50 கிராமுக்குக் கீழான முட்டைக்கும் வாங்குபவர் உண்டு. ஆனால் பயணம் ஒரு மாதத்தைத் தொடும், பிரேசிலும் போலந்தும் துருக்கியும் அங்கே பழைய கைகள். உண்மையான தடை பணம். வாங்குபவருக்கு விருப்பம் இருக்கும், அந்நாட்டு வங்கியில் டாலர் இருக்காது. பணம் தருவதாக உள்ளூர் வங்கி கொடுக்கும் கடனுறுதிக் கடிதத்தை மூன்றாம் நாட்டுப் பெரிய வங்கி ஒன்று உறுதிசெய்யாமல் சரக்கு ஏற்ற வேண்டாம். ஏற்றுமதிக் கடன் காப்பீடும் எடுங்கள். ஆவணம் வந்ததும் பணம் என்ற நிபந்தனையில் அனுப்பினால், இறங்கிய பின் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார். துறைமுகத்தில் மின்கட்டணமும் கன்டெய்னரை நிறுத்திவைக்கும் கட்டணமும் நாளுக்கு நாள் ஏற, பேரம் அவர் பக்கம் சாயும்.

அமெரிக்கா: வரி மட்டுமே காரணமில்லை

50 சதவீத வரிதான் அமெரிக்கச் சந்தையை முடக்கியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் கதை அதற்கு முன்பே மாறிவிட்டது. பறவைக் காய்ச்சலால் அங்கே ஒரு டஜன் முட்டையின் சராசரிச் சில்லறை விலை 2025 மார்ச்சில் 6.23 டாலர். மே மாதமே 4.55. மார்ச் விலையைப் பார்த்துப் பேசிய ஒப்பந்தத்தின் முட்டை நாமக்கல்லை விட்டுக் கிளம்பியதே ஜூனில். அனுமதி, ஆய்வு, பயணம் எல்லாம் சேர்ந்த காலம் விலை உச்சத்தின் ஆயுளைவிட நீளம்.

வரியின் கனமும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் வழக்கமான முட்டை வரி டஜனுக்கு 2.8 சென்ட், நம் கணக்கில் முட்டைக்குச் சுமார் 20 பைசா. கப்பலேறும் விலை 6 ரூபாய் என்றால் 2025இல் வந்த 50 சதவீதக் கூடுதல் வரி 3 ரூபாய் ஆனது. 20 பைசா எங்கே, 3 ரூபாய் எங்கே! இத்தகைய விகிதங்கள் ஓர் உத்தரவில் ஏறும், இறங்கும். பேசும் அன்றைய விகிதத்தை நம்பாமல், வரி மாறினால் யார் தாங்குவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

விதிகளும் கடுமை. 3,000 கோழிக்கு மேல் உள்ள பண்ணை என்றால் முட்டையிட்ட 36 மணி நேரத்துக்குப் பின் 7.2 டிகிரிக்குள்தான் வைத்திருக்க வேண்டும், சால்மோனெல்லா எண்டரிடிடிஸ் சோதனையும் உண்டு. 'லார்ஜ்' என்ற அளவுக்கு டஜன் 24 அவுன்ஸ், அதாவது முட்டைக்கு 56.7 கிராம். 'மீடியம்' 49.6 கிராம். நம் முட்டையில் பெரும்பகுதி மீடியத்தில்தான் விழும். பறவைக் காய்ச்சலோ வெள்ளைக்கழிச்சலோ உள்ள நாட்டு முட்டைக்கு, உடைத்துச் சூடுபடுத்தும் ஆலைக்கு மட்டும் போகும் வழிதான் நடைமுறையில் எளிது. அந்த வழியில் கிடைப்பது மூலப்பொருள் விலை, கடை விலை அல்ல. எங்கள் முடிவு: அமெரிக்காவுக்கு முன்பணம் முழுதாக வந்தால் ஏற்றலாம், அதற்காகத் திறனைப் பெருக்கக் கூடாது.

முட்டைத்தூள்: எடை கேட்காத சந்தை

எடைச் சிக்கல், ஓட்டுச் சிக்கல், வியர்வைச் சிக்கல் மூன்றும் ஒரே இடத்தில் மறைகின்றன. 50 கிராம் முட்டையில் ஓடு போக 44.5 கிராம் கரு, அதில் திடப்பொருள் 24 சதவீதம். ஒரு கிலோ முழுமுட்டைத் தூளுக்குச் சுமார் 94 முட்டை. 20 அடி கன்டெய்னரில் 8 டன் ஏற்றினால் ஏழரை லட்சம் முட்டை போய்விடுகிறது. ரீஃபரில் அதைவிடப் பெரிய பெட்டியில் 4.72 லட்சம்தான். புல்லட் முட்டை (இளம் கோழியின் முதல் சிறு முட்டை), 45 கிராம் முட்டை எல்லாம் இங்கே செல்லும். ஒருநாள் கதவு சாத்தினால் தூள் கிடங்கில் மாதக்கணக்கில் காத்திருக்கும், முட்டை காத்திருக்காது. ஜப்பானும் ஐரோப்பாவும் இந்தியத் தூளின் பழைய வாடிக்கைகள்.

இத்தனை நல்லதற்கும் ஒரே விலை: மருந்தெச்சம். தண்ணீரை எடுக்கும்போது எச்சம் நான்கு மடங்கு அடர்த்தியாகிறது. முட்டையில் 0.3 பிபிபி (நூறு கோடியில் 0.3 பங்கு) இருந்த நைட்ரோஃபியூரான் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் எச்சம் தூளில் 1.2ஐ ஒட்டி நிற்கும். ஐரோப்பா நடவடிக்கை எடுக்கும் அளவே 0.5 பிபிபி. கோழிக்கு அந்த மருந்தைக் கொடுக்காத பண்ணையிலும் இது வரலாம். மருந்து கலந்த வேறு தீவனம் அரைத்த அதே மிக்சரில் அரைத்தது, வாங்கிய பிரீமிக்சில் (வைட்டமின், தாது உப்புக் கலவை) கலந்திருந்தது, இவைதான் வழக்கமான வழிகள். என்ரோஃப்ளாக்சசின் ஐரோப்பாவில் முட்டையிடும் கோழிக்கு அனுமதியில்லை. நம்மூரில் சளிக்குக் கைவைத்தியம்போல அதைக் கொடுக்கிறார்கள். கொலிஸ்டின் இந்தியாவிலேயே 2019 முதல் தடை. பேனுக்கும் உண்ணிக்கும் அடிக்கும் மருந்தில் ஃபிப்ரோனில் இருந்தால் 2017இல் ஐரோப்பா முழுக்க முட்டைகள் அகற்றப்பட்ட கதைதான். வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கவில்லை என்ற உறுதியை இறக்குமதிக்கும் கேட்கும் ஐரோப்பிய விதி 2023/905க்கு 2026 செப்டம்பர் 3 என்று நாள் குறிக்கப்பட்டது. தூள் ஆலைக்குக் கொடுக்கும் பண்ணையில் பேட்ச் வாரியாக மருந்துப் பதிவேடு இல்லாமல் இனி நிற்க முடியாது.

ஆலைக்கு ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் ஒப்புதல் வேண்டும், அது ஆலையின் வேலை. ஆவணத்தில் ஒரு சிறு கண்ணி: முழுமுட்டைத் தூளும் மஞ்சள்கருத் தூளும் சுங்கக் குறியீடு 0408இல் வரும், வெள்ளைக்கருத் தூள் 3502இல் வரும். வர்த்தக ஒப்பந்தங்களில் இரண்டுக்கும் வரிச்சலுகை வேறுபடலாம், தனித்தனியாகப் பாருங்கள். பண்ணையாளருக்குக் குறை என்னவென்றால் ஆலை கொடுக்கும் விலை என்இசிசி (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) அறிவிக்கும் விலைக்குக் கீழேதான் இருக்கும். ஆனால் உள்ளூர்ச் சந்தையில் மைனஸ் (அறிவித்த விலையில் வியாபாரிகள் பிடிக்கும் தள்ளுபடி) கூடும் மாதங்களில், அந்தக் கீழ் விலையே மேல் விலையாகத் தெரியும்.

கோழி இறைச்சியைப் பற்றிச் சுருக்கமாக. உயிர்க்கோழியாக விற்கும் நம் பிராய்லர் சந்தைக்கு ஏற்றுமதித் தர வெட்டுக்கூடம், உறைநிலைச் சங்கிலி, ஹலால் சான்று எல்லாம் புதிதாக வேண்டும். பிரேசிலின் தீவன விலையோடும் மோத வேண்டும். முட்டையில் இருப்பவர் புதிய சந்தை தேடி அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எல்லாக் கதவையும் ஒரே நாளில் சாத்துவது

வரியைவிடக் கொடியது பறவைக் காய்ச்சல். 2025 மே மாதம் பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் ஒரே ஒரு வணிகப் பண்ணையில் வந்தது. பண்ணையைக் கிருமிநீக்கம் செய்தபின் 28 நாள் புதிய நோய் இல்லாமல் கழிந்ததும், ஜூன் 18ஆம் தேதி, நோயில்லை என்று பிரேசில் அறிவித்தது. சீனா தடையை விலக்கியது நவம்பரில். நோய் போவதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவே நான்கைந்து மாதம் ஆகலாம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்குக் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துப் பண்ணைகள் இந்த நோயை அடிக்கடி நினைவூட்டுகின்றன. வாங்கும் நாடு 'கேரளா' என்று பார்க்குமா, 'இந்தியா' என்று பார்க்குமா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை கம்பார்ட்மென்ட் முறை. 2023 அக்டோபரில் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, உத்தரப்பிரதேசம், சத்தீஸ்கர் மாநிலங்களில் 26 கோழிக் கம்பார்ட்மென்ட்கள் பறவைக் காய்ச்சல் இல்லாதவை என்ற இந்தியாவின் சுய அறிவிப்பை உலக விலங்குநல அமைப்பு ஏற்றது. மாவட்டத்தில் நோய் வந்தாலும், தனி உயிர்ப்பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கும் பண்ணை தொடர்ந்து அனுப்பலாம் என்பது இதன் பொருள். ஆனால் வாங்கும் நாடு அதைத் தன் சான்றிதழில் ஏற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்காத நாட்டுக்கு உங்கள் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள்.

எங்கள் தேர்வு

ஒரு லட்சம் கோழிக்குள் உள்ளவர் தனியாகக் கன்டெய்னர் போட நினைக்க வேண்டாம். நாளுக்கு 85,000 முட்டை விழுந்தாலும் நிரம்ப ஐந்தரை நாள் ஆகும். முதல் நாள் முட்டைக்கும் கடைசி நாள் முட்டைக்கும் தரம் வேறாகிவிடும். மருந்துப் பதிவேட்டைச் சுத்தமாக வைத்து, இளம் கோழி முட்டையைத் தூள் ஆலைக்கும், 40 வாரத்துக்கு மேற்பட்டதை வளைகுடா ஏற்றுமதியாளருக்கும் பிரித்துக் கொடுப்பது அவருக்குச் சரி. மூன்று நான்கு லட்சம் கோழி வைத்திருப்பவர் வளைகுடாவில் குறைந்தது இரண்டு நாடு, மாலத்தீவு, ஓர் ஆலை ஒப்பந்தம் என்று நிற்கலாம். பேட்சுகளின் வயதைப் பரப்பி வைத்தால் எல்லா எடையும் எப்போதும் கையில் இருக்கும். ஆப்பிரிக்காவை உறுதிசெய்த கடனுறுதிக் கடிதத்தோடு மட்டும் தொடலாம்.

எந்த நாடானாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: கால்நடை நலச் சான்றிதழ் வழங்கப்பட்ட தேதிக்குப் பின் அந்நாட்டு அரசு விதிக்கும் தடை, வரி, எடை மாற்றம் எதுவானாலும் அந்தச் சரக்கின் விலையைக் கொடுப்பது வாங்குபவரின் பொறுப்பு. இந்த வரிக்காகப் பேரத்தில் 5 பைசா விட்டுக்கொடுத்தாலும் சரி. கன்டெய்னருக்கு 23,616 ரூபாய்தான் போகும். மறுக்கப்பட்ட முட்டையைத் திருப்பி இறக்கவும் இந்தியாவில் விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் உள்ளே இருக்கும் 4,72,320 முட்டையும் விற்பனைக்கு உதவாது.